நிலுவையின்மைப் படிவம்

இன்று மாலை மண்டபத்தில் உங்களுக்குப் பொன்னாடை.
வெள்ளித் தட்டில் மூன்று மொழியில் உங்கள் பெயர்.
தமிழில் ஒரு புள்ளி தவறி
சௌந்தரி அமபலவாணர் என்று வந்திருந்தது.
புறக்கோட்டைக் கடைக்காரருக்குப் போன் எடுத்து
பன்னிரண்டு மணிக்குள் ஒரு புள்ளி வேண்டும் என்றேன்.
ஒரு புள்ளிதானே என்று சிரித்தார்.
நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள், மேடம்.

பேசப்போகிறவர்களின் தாள்கள்
மொழிபெயர்ப்புக்காக என் மேசையில்.
கலங்கரை விளக்கம் என்கிறார் ஒரு பீடாதிபதி.
கப்பல், மாலுமி, நங்கூரம் மூன்றையும்
ஒரே பந்தியில் ஏற்றிவிட்டார் இன்னொருவர்.
பெயர்த்துக் கொடுத்துவிட்டேன், குறையில்லாமல்.
ஆனால் நானறிந்த உங்களுக்குக் கடலோடு சம்பந்தமில்லை.
வெள்ளவத்தையில் இருபது வருடம் இருந்தும்
கரைக்குப் போக நேரம் கிடைக்கவில்லை என்று
பைலிலிருந்து கண்ணெடுக்காமல் ஒருநாள் சொன்னீர்கள்.

நான் அறிந்தது
உங்கள் பேனை மூடும் சத்தம்.
சிங்களம் ரெடி, ஆங்கிலம் ரெடி என்று
பதிவாளர் சுற்றறிக்கையை நீட்ட,
"தமிழ்?"
"நாளைக்குத்தான் மேடம்."
"அப்ப மூன்றும் நாளைக்கே போகட்டும்."
அந்த வாரமே என் மேசை
போட்டோக்கொப்பி இயந்திரத்தின் பின்னாலிருந்து
ஜன்னலோரம் வந்தது.
இரவு எட்டு மணிவரை வேலையும் கூடவே வந்தது.
அதற்காக உங்களைத் திட்டியிருக்கிறேன்,
பஸ்ஸில், மெதுவாக.

பெற்றோல் இல்லாத வருடம்
காரை வீட்டில் விட்டு
காலி வீதியில் நூறாம் இலக்கம் பிடித்தீர்கள்.
படியில் தொங்கி வந்ததாக இன்று மேடையில் சொல்வார்கள்,
தாளில் அப்படித்தான் இருக்கிறது.
தொங்கவில்லை. நானும் அதே பஸ்தான்.
யாரோ இடம் தந்தார்கள், உட்கார்ந்தீர்கள்,
பம்பலப்பிட்டி வரும் முன்னே தூங்கிவிட்டீர்கள்.

அதே வருடம்தான்
ஆறு மணித்தியால அவகாசத்தில் விடுதிகளை மூடச்சொல்லிக்
கையெழுத்திட்டதும் நீங்கள்.
தமிழில் எழுதியது நான்.
மன்னார்ப் பிள்ளைகள் இருவர், முதலாம் வருடம்,
ரயிலும் இல்லை பஸ்ஸும் இல்லை என்று
கோட்டை நிலையத்தில் பெட்டிமேல் தலைவைத்து
விடியும்வரை விழித்திருந்தார்கள்.
மறுமாத மூதவையில் ஆங்கிலத்தில் ஒரே வசனம் சொன்னீர்கள்:
அந்த முடிவு உங்களுடையது, அது சரியில்லை.
குறிப்பேட்டில் இது வேண்டாமே என்றார் ஒருவர்,
பதவியின் கௌரவம் கருதி.
"இருக்கட்டும். மூன்று மொழியிலும் இருக்கட்டும்."
அன்றிரவு நெடுநேரம் பேனையோடு இருந்தேன்.
தவறு என்றால் கைநழுவிப் போனதுபோல இருந்தது.
பிழை என்று எழுதினேன்.
காலையில் வாசித்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் ஒப்பமிட்டீர்கள்.

இன்றைய தாள்கள் எதிலும் அந்த வசனம் இல்லை.
கட்டடங்கள் இருக்கின்றன. நான்கு மாடி, லிப்ட்.

நேற்றுப் பின்னேரம் நூலகக் கருமபீடத்தில்
வரிசையில் ஏழாவதாக நின்றீர்கள்,
கையில் நிலுவையின்மைப் படிவம்.
முன்னால் நின்ற பையன் விலகிக்கொண்டான்.
நீங்கள் நகரவில்லை. வெட்கப்பட்டு அவனே திரும்பி வந்தான்.
ஒரு புத்தகம் நான்கு வருடம் பிந்தியிருப்பதாகக்
கணினி சொன்னது.
"விடுங்கோ மேடம்" என்றாள் ரிஸ்மினா.
கைப்பையைக் கொட்டிச் சில்லறை எண்ணிக் கொடுத்து
ரசீது வாங்கும்வரை நின்றீர்கள்.

அந்தப் படிவத்தின் தமிழ்ப் பக்கத்தை ஆக்கியது நான்.
என் கண் அறிய
ஒருவரும் அதை நிரப்பியதில்லை,
நம்மவர்கள்கூட.
நீங்கள் பக்கத்தைத் திருப்பினீர்கள்.
பெயர். பதவி. விலகும் காரணம்.
அந்தக் கோட்டில்
வயது
என்று மட்டும் எழுதினீர்கள்.

தட்டு வந்துவிட்டது மேடம்.
புள்ளி கொஞ்சம் பெரிதாகத்தான் விழுந்திருக்கிறது.